கேலன் – லிட்டர்: மூன்று அட்டவணையில் மூன்று விடை, எதை எடுப்பது?

விரிதாள் (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்க ஆவணங்களில் வரும் கொள்ளளவுகளை மெட்ரிக்குக்கு மாற்ற எக்செல் தாள் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு அட்டவணையில் 1 கேலன் 3.785 லிட்டர் என்றிருக்கிறது. இன்னொன்றில் 4.546. மூன்றாவது அட்டவணை கப்பை 240 மி.லி. என்கிறது, அதன்படி ஒரு கேலனுக்கான 16 கப்பைக் கூட்டினால் 3.84 வருகிறது. எதை வைப்பது? எத்தனை தசம இடம் போதும்? கலவை விகிதம் (கேலனுக்கு இத்தனை அவுன்ஸ்), நிமிடத்துக்கு இத்தனை கேலன், கன அடித் தொட்டிகள் எல்லாமே இந்தத் தாளில் வர வேண்டும்.

---

கனஅங்குலம்

அமெரிக்க ஆவணம் என்றால் 3.785தான். அதையும் 3.785 என்று வெட்டாமல் முழுசாக வையுங்கள்.

அமெரிக்கத் திரவ கேலனின் சட்டப்படியான வரையறை 231 கன அங்குலம். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆன் அரசி காலத்தில் நிலைப்படுத்திய ஒயின் கேலன் அது. அமெரிக்கா அதையே வைத்துக்கொண்டது. 1959இல் அங்குலம் மிகச் சரியாக 2.54 செ.மீ. என்று ஒப்பந்தமானது. ஆக 2.54 × 2.54 × 2.54 = 16.387064 கன செ.மீ. அதை 231ஆல் பெருக்கினால் 3785.411784 கன செ.மீ., அதாவது மி.லி. இது எங்கும் முழுதாக்கப்படாத எண். இதற்கு மேல் தசமமே கிடையாது.

தாளில் ஒரே ஒரு கட்டத்தில் 3785.411784 என்று போடுங்கள். மற்றதையெல்லாம் அதிலிருந்து வகுத்து எடுங்கள்:

குவார்ட் = ÷4 = 946.352946 மி.லி.
பைண்ட் = ÷8 = 473.176473
கப் = ÷16 = 236.5882365
திரவ அவுன்ஸ் = ÷128 = 29.5735295625
டேபிள்ஸ்பூன் = ÷256 = 14.78676...
டீஸ்பூன் = ÷768 = 4.92892...

ஒவ்வொன்றையும் தனித்தனி அட்டவணையிலிருந்து பொறுக்கிப் போட்டால் நீங்கள் சொன்ன 3.84 மாதிரி ஒன்றோடொன்று ஒட்டாத தாள்தான் கிடைக்கும்.

சின்னச் செய்தி ஒன்று. பழைய கையேடுகளில் 3.7853 என்று பார்த்தால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். 1901 முதல் 1964 வரை லிட்டர் என்பது 1 கிலோ தண்ணீரின் கொள்ளளவு. அது 1000 கன செ.மீ.யைவிடப் பத்து லட்சத்தில் 28 பங்கு பெரிது. 1964இல்தான் லிட்டர் மறுபடி சரியாக 1000 கன செ.மீ. ஆனது.

---

மீட்டர்மணி

4.546 பிரிட்டிஷ் கேலன், அதாவது இம்பீரியல். 1824 சட்டம் அதை 62 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 10 பவுண்டு எடையுள்ள தண்ணீரின் இடம் என்று வைத்தது. இப்போதைய வரையறை நேராக 4.54609 லிட்டர்.

இதில் ஆளைக் கவிழ்க்கும் இடம் இதுதான்: பிரிட்டிஷ் கேலன் அமெரிக்கக் கேலனைவிட 20 சதவீதம் பெரிது, ஆனால் பிரிட்டிஷ் திரவ அவுன்ஸ் அமெரிக்க அவுன்ஸைவிட 4 சதவீதம் *சிறிது* (28.4130625 மி.லி.). அமெரிக்கப் பைண்டில் 16 அவுன்ஸ், பிரிட்டிஷ் பைண்டில் 20. கேலனுக்கு 128, 160. அதனால் "பிரிட்டிஷ் என்றால் எல்லாவற்றையும் 1.2ஆல் பெருக்கு" என்ற குறுக்குவழி அவுன்ஸுக்கு வந்ததும் தலைகீழாகிவிடும்.

ஆவணத்தில் எந்த கேலன் என்று எழுதியிருக்காவிட்டால் உள்ளேயே துப்பு தேடுங்கள். பைண்டுக்கு எத்தனை அவுன்ஸ்? ஒரு கேலன் தண்ணீர் 8.33 பவுண்டா, 10 பவுண்டா? எங்காவது ஓரிடத்தில் லிட்டரும் சேர்த்துக் கொடுத்திருந்தால் வகுத்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். கனடாவின் பழைய ஆவணங்கள் பக்கத்து நாடு என்பதால் அமெரிக்க அளவில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். அங்கே இம்பீரியல்தான் புழங்கியது.

---

விரிதாள்

நன்றி. அப்போது 240? அது அமெரிக்கப் பொட்டலங்களிலேயே இருக்கிறதே.

---

அடுப்பங்கரை

இருக்கும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஊட்டச்சத்து லேபிள் விதியில் பரிமாறும் அளவைக் குறிக்க மட்டும் கப் 240, திரவ அவுன்ஸ் 30, டேபிள்ஸ்பூன் 15, டீஸ்பூன் 5 மி.லி. என்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சிறு கட்டத்துக்குள் மட்டும் செல்லுபடியாகும் எண்கள் அவை. அதே டப்பாவின் முன்பக்கத்தில் நிகர அளவு எழுதும்போது உண்மையான அவுன்ஸ்தான்: 12 அவுன்ஸ் என்றால் 355 மி.லி., 360 இல்லை.

கப்பு விஷயத்தில் உலகம் ஒத்துப்போகவில்லை. அமெரிக்க வழக்கக் கப் 236.6, லேபிள் கப் 240, ஆஸ்திரேலிய மெட்ரிக் கப் 250, ஜப்பானிய கப் 200. முதல் மூன்றுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் 6 சதவீதத்துக்குள். ஒரே குறிப்பில் எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளந்தால் விகிதம் கெடாது, மொத்த அளவுதான் கொஞ்சம் கூடும் குறையும். கெடுவது எங்கே என்றால், கப்பும் எண்ணிக்கையும் கலக்கும்போது. இரண்டு முட்டை, இரண்டு கப் மாவு என்றால் முட்டை பெரிதாகாது, மாவு மட்டும் கூடும்.

உண்மையான வில்லன் ஆஸ்திரேலிய டேபிள்ஸ்பூன். அது 20 மி.லி., அதாவது நாலு டீஸ்பூன். மற்ற இடங்களில் மூன்று டீஸ்பூன். 14.8 போட வேண்டிய இடத்தில் 20 போட்டால் 35 சதவீதம் கூடுதல். சர்க்கரைக்குப் பரவாயில்லை. உப்புக்கும் சோடா மாவுக்கும் தாங்காது.

---

ஆய்வகத்தான்

கையில் இருக்கும் கப் எந்தக் கப் என்று அடியில் அச்சிட்டிருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். எடை போட்டுப் பாருங்கள். 1 கிராம் துல்லியமுள்ள தராசு போதும்.

காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கவும். அறை வெப்பத் தண்ணீரைக் கோடு வரை ஊற்றவும். கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுபோய், வளைந்திருக்கும் நீர்ப்பரப்பின் *அடிப்பகுதி* கோட்டைத் தொடுகிறதா என்று பார்க்கவும். ஓரத்தில் ஏறி நிற்கும் தண்ணீரைப் பார்க்கக் கூடாது. மேலிருந்து பார்த்தால் அளவு கூடியது போலவும் கீழிருந்து பார்த்தால் குறைந்தது போலவும் தெரியும். தராசு 236 பக்கம் காட்டினால் அமெரிக்கக் கப், 239–240 என்றால் லேபிள் கப், 249–250 என்றால் மெட்ரிக்.

20 டிகிரி செல்சியஸில் தண்ணீரின் அடர்த்தி 0.9982. காற்றின் மிதப்பு விசை இன்னும் ஆயிரத்தில் ஒரு பங்கைக் குறைத்துக் காட்டும். இரண்டும் சேர்ந்து 0.3 சதவீதத்துக்குள்தான். கப் எது என்று கண்டுபிடிக்க அது தேவையில்லை, ஆனால் அளவுக் குடுவையைச் சரிபார்க்கிறவர்கள் அதை விட்டுவிடக் கூடாது.

விளிம்பு வரை நிரப்பும் கப்பையும் விளிம்புக்குக் கீழே கோடு போட்ட கப்பையும் மாற்றிப் பயன்படுத்தினாலும் தப்பு வரும். முதலாவது மாவு போன்ற உலர்பொருளை வழித்து மட்டமாக்க. இரண்டாவது திரவத்துக்கு.

---

புதியவர்77

இவ்வளவு எதற்கு? 1 அவுன்ஸ் 28.35 கிராம். தண்ணீர் 1 கிராம் 1 மி.லி. அப்போது 1 அவுன்ஸ் 28.35 மி.லி. அவ்வளவுதானே?

---

கனஅங்குலம்

இல்லை. 28.35 எடை அவுன்ஸ், பவுண்டில் 16இல் ஒரு பங்கு. 29.57 திரவ அவுன்ஸ், கேலனில் 128இல் ஒரு பங்கு. பெயர் மட்டும்தான் ஒன்று. பிரிட்டிஷ் முறையில் ஒரு திரவ அவுன்ஸ் தண்ணீர் ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் எடை. 10 பவுண்டு தண்ணீர் என்று கேலனை வரையறுத்ததால் அப்படி அமைந்தது. அமெரிக்க அளவில் தண்ணீருக்கே 4 சதவீதம் இடிக்கும்.

தண்ணீர் அல்லாத பொருளுக்கு வந்தால் 4 சதவீதமெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு கப் தேன் சுமார் 340 கிராம், ஒரு கப் சர்க்கரை 200, ஒரு கப் மைதா 120. "8 அவுன்ஸ் மைதா" என்பதை ஒரு கப் என்று எடுத்தால் பாதிதான் விழும், ஏனென்றால் அது எடை அவுன்ஸ், 227 கிராம்.

---

அடுப்பங்கரை

அந்த 120கூட கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டு வழித்தால்தான். கப்பை நேராக மாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 140ஐத் தாண்டும். மாவுக்கு மி.லி. கணக்கு போடுவது வீண் வேலை. கப்பிலிருந்து நேராகக் கிராமுக்குப் போங்கள், அதுவும் அந்தக் குறிப்பை எழுதியவர் ஒரு கப்புக்கு எத்தனை கிராம் கணக்கு வைக்கிறார் என்று சொல்லியிருந்தால் அந்த எண்ணோடு.

---

தெளிப்பான்

கலவை விகிதத்துக்கு வருவோம், இழையைத் தொடங்கியவர் கேட்டது அதுதான். இங்கே ஒரு வசதி இருக்கிறது. பின்னத்தின் மேலேயும் கீழேயும் கொள்ளளவு என்பதால் மி.லி. கணக்கே நடுவில் வராது.

கேலனுக்கு 1 திரவ அவுன்ஸ் = 1/128 = லிட்டருக்கு 7.8125 மி.லி. மிகச் சரியாக.
கேலனுக்கு 1 டேபிள்ஸ்பூன் = 1/256 = லிட்டருக்கு 3.90625 மி.லி.
கேலனுக்கு 1 டீஸ்பூன் = 1/768 = லிட்டருக்கு 1.302 மி.லி.

2.5 அவுன்ஸ் / கேலன், தொட்டி 16 லிட்டர் என்றால்: 2.5 × 7.8125 × 16 = 312.5 மி.லி.

ஆனால் தெளிக்கும் மருந்தின் லேபிளில் இருப்பது தூள் என்றால் அவுன்ஸ் எடை அவுன்ஸ். அப்போது கேலனுக்கு 1 அவுன்ஸ் = 28.3495 ÷ 3.785412 = லிட்டருக்கு 7.489 கிராம். அதே 2.5க்கு 299.6 கிராம். எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் யாருக்கும் தப்பு தெரிவதில்லை. அலகு மாறிவிட்டது: ஒன்று மி.லி., ஒன்று கிராம். தூளை அளவுக் குவளையில் 312 மி.லி. கோடு வரை நிரப்பினால் உள்ளே எத்தனை கிராம் போயிருக்கும் என்பதை அதன் அடர்த்திதான் தீர்மானிக்கும்.

பிரிட்டிஷ் லேபிள் என்றால் இரண்டு அளவும் பிரிட்டிஷ்: 1/160 = 6.25 மி.லி. / லிட்டர். அதே கணக்கு 250 மி.லி.க்கு இறங்கிவிடும். எந்த நாட்டு லேபிள் என்று முதலில் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

பரப்பளவுக்கு: ஏக்கருக்கு 1 கேலன் = ஹெக்டேருக்கு 9.354 லிட்டர். ஏக்கருக்கு 1 திரவ அவுன்ஸ் = ஹெக்டேருக்கு 73.08 மி.லி. ஆயிரம் சதுர அடிக்கு 1 திரவ அவுன்ஸ் = சதுர மீட்டருக்கு 0.3183 மி.லி.

இன்னொன்று, 1:64 போன்ற விகிதம் கொடுத்திருந்தால் எதையும் மாற்ற வேண்டாம். அது கேலனிலும் 1:64, லிட்டரிலும் 1:64. ஆனால் "1 பங்கு மருந்து, 64 பங்கு தண்ணீர்" என்பதா, "மொத்தம் 64 பங்கில் 1" என்பதா என்று பார்க்கவும். 1:64இல் வித்தியாசம் ஒன்றரை சதவீதம், விட்டுவிடலாம். 1:4இல் 20 சதவீதமா 25 சதவீதமா என்ற கேள்வி, விட முடியாது.

---

விரிதாள்

அருமை, விகிதத்துக்குத் தனித் தாள் போட்டுவிடுகிறேன். தசம இடத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. எல்லாவற்றையும் 6 இடம் வரை காட்டினால் என்ன?

---

மீட்டர்மணி

கணக்குக்குள் முழு எண், காட்டும்போது மூலத்தில் இருந்த அளவு துல்லியம். "சுமார் 5 கேலன் வாளி" என்பதை 18.927059 லிட்டர் என்று அச்சிட்டால், மூலத்தை எழுதியவரே நினைக்காத துல்லியத்தை நீங்கள் அவர் தலையில் கட்டுகிறீர்கள். 19 லிட்டர் போதும்.

---

கனஅங்குலம்

பாதி ஒப்புக்கொள்கிறேன். "சுமார்" என்று வரும் இடத்தில் சரி. ஆனால் முழுதாக்குவது எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டாமா? தொட்டியின் உச்சக் கொள்ளளவு 20 கேலன், அதாவது 75.708 லிட்டர். அதை 76 என்று எழுதினால் தொட்டி தாங்காத அளவைத் தாங்கும் என்று சொன்னதாகிறது. உச்ச வரம்பைக் கீழ்நோக்கி, 75. குறைந்தபட்சத் தேவையை மேல்நோக்கி. குறைந்தது 20 கேலன் தண்ணீர் வேண்டும் என்றால் 76. ஒரே எண், இரண்டு விடை, இரண்டும் சரி.

---

மீட்டர்மணி

வரம்புகளுக்கு அது சரி. இடைக்கணக்கில் முழுதாக்குவதுதான் அதைவிடப் பெரிய கேடு. அவுன்ஸை 30 என்று எடுத்தால் 1.44 சதவீதம் கூடும். ஒரு ஸ்பூனில் அது கண்ணுக்குத் தெரியாது. அதே 30ஐ வைத்து 55 கேலன் டிரம்முக்குக் கணக்கு போட்டால் 211.2 லிட்டர் வரும், உண்மை 208.2. மூன்று லிட்டர் காற்றில் பிறக்கிறது.

மனக்கணக்குக்கு எனக்குப் பிடித்த வழிகள்: கேலனை லிட்டராக்க, நாலால் பெருக்கி இருபதில் ஒரு பங்கைக் கழி. 20 கேலன் → 80 − 4 = 76 (உண்மை 75.7). லிட்டரைக் கேலனாக்க, நாலால் வகுத்து நூற்றுக்கு ஆறு கூட்டு. 60 லிட்டர் → 15 + 0.9 = 15.9 (உண்மை 15.85). அவுன்ஸுக்கு முப்பதால் பெருக்கி நூற்றுக்கு ஒன்றரை கழி. 12 அவுன்ஸ் → 360 − 5.4 = 354.6 (உண்மை 354.9). எக்செல் விடை இதிலிருந்து ஒரு சதவீதத்துக்கு மேல் விலகினால் எங்கோ அலகு மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

---

ஆய்வகத்தான்

எக்செல் என்றதும் ஒன்று. அதில் உள்ள கன்வெர்ட் சார்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், 'ஓ, இசட்' என்ற இரண்டெழுத்துக் குறியீடு *திரவ* அவுன்ஸ். எடை அவுன்ஸுக்குப் பின்னால் ஒரு 'எம்' சேர்க்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போட்டுவிட்டு மி.லி. கேட்டால் நல்லவேளையாகப் பிழை காட்டும், எடைக்கும் கொள்ளளவுக்கும் நடுவே அது மாற்றித் தராது. டீஸ்பூனிலும் இரண்டு வகை உண்டு: சாதாரணக் குறியீடு அமெரிக்க 4.929, கடைசியில் 'எம்' சேர்த்தால் 5 மி.லி. இங்கே பிழைச் செய்தி எதுவும் வராது. இரண்டும் கொள்ளளவுதானே. வெறும் கேலன் அமெரிக்கக் கேலன். பிரிட்டிஷ் வேண்டுமென்றால் முன்னால் 'யூ கே' என்றும் அடிக்கோடும் போட வேண்டும்.

---

குழாய்வழி

கன அடித் தொட்டிகளைப் பற்றி. இங்கேதான் பெரிய தப்புகள் நடக்கும். 1 சதவீதமெல்லாம் இல்லை, பத்து மடங்கு.

தொட்டி 4 அடி × 3 அடி × 2.5 அடி. 30 கன அடி. இதை 0.3048ஆல் பெருக்கி 9.144 கன மீட்டர் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அடியை மீட்டராக்கும் எண்ணை மூன்று தடவை பெருக்க வேண்டும்: 0.3048 × 0.3048 × 0.3048 = 0.028316846592. ஆக 0.8495 கன மீட்டர், 849.5 லிட்டர்.

கேலன் வழியாகச் சரிபாருங்கள். ஒரு கன அடி 1728 கன அங்குலம். 1728 ÷ 231 = 7.4805 கேலன். 30 × 7.4805 = 224.4 கேலன். × 3.7854 = 849.5 லிட்டர். ஒத்துப்போகிறது. அங்குலத்தில் அளந்திருந்தால் இன்னும் சுலபம்: 48 × 36 × 30 = 51,840, அதை 231ஆல் வகுத்தால் நேராக 224.4. உள்ளளவை எடுக்கவும். சுவர் கனம் 2 அங்குலம் உள்ள தொட்டியை வெளிப்பக்கம் அளந்தால் நீளத்திலும் அகலத்திலும் 4 அங்குலம் வீதம் பொய் அளவு சேரும்; அடித்தளத்தின் கனமும் உயரத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

மற்றவை வேகமாக: 1 கன யார்டு = 0.76455 கன மீட்டர். 1 கன மீட்டர் = 35.3147 கன அடி = 264.172 கேலன். நீர்த்தேக்கக் கணக்கில் வரும் ஏக்கர்-அடி = 43,560 கன அடி = 1233.5 கன மீட்டர்.

ஓட்ட வேகம்: நிமிடத்துக்கு 1 கேலன் = நிமிடத்துக்கு 3.785 லிட்டர் = மணிக்கு 0.2271 கன மீட்டர் = வினாடிக்கு 0.06309 லிட்டர். நிமிடத்துக்கு 1 கன அடி (காற்று) = மணிக்கு 1.699 கன மீட்டர். பம்ப்பு வளைகோட்டில் அச்சு லிட்டர்/நிமிடமா, கன மீட்டர்/மணியா என்று பார்க்காமல் புள்ளி வைக்கிறவர்கள் அதிகம். இரண்டுக்கும் நடுவே 16.67 மடங்கு.

---

புதியவர்77

பேரல்? அது 42 கேலனா 55ஆ?

---

குழாய்வழி

பெட்ரோலிய பேரல் 42 அமெரிக்கக் கேலன், 158.987 லிட்டர். பொருளை அடைத்து அனுப்பும் இரும்பு டிரம் 55 கேலன். அமெரிக்க பீர் பேரல் 31 கேலன், 117.35 லிட்டர். "பேரல்" என்று மட்டும் எழுதியிருந்தால் சரக்கு என்ன என்று கேட்காமல் மாற்றக் கூடாது.

இதே ரகத்தில் உலர் அளவுகளும் உண்டு. அமெரிக்க உலர் பைண்ட் 550.6 மி.லி., திரவப் பைண்ட் 473.2. பெர்ரிப் பழம் பைண்டில் விற்றால் அது உலர் பைண்ட். தானியத்துக்கு வரும் புஷல் 2150.42 கன அங்குலம், 35.239 லிட்டர், 231ஓடு அதற்கு உறவே இல்லை. புஷலை 8 கேலன் என்று படித்துவிட்டு 3.785ஆல் பெருக்கினால் 30.28 வரும், 5 லிட்டர் காணாமல் போகும்.

---

எரிபொருள்

வெப்பநிலையை யாரும் தொடவில்லை. தண்ணீருக்கு விட்டுவிடலாம், எரிபொருளுக்கு முடியாது. அமெரிக்காவில் பெட்ரோலியக் கொள்ளளவுக்கு அடிப்படை வெப்பநிலை 60 டிகிரி ஃபாரன்ஹீட் (15.56 செல்சியஸ்). மெட்ரிக் நாடுகளில் பெரும்பாலும் 15 செல்சியஸ். கேலனிலிருந்து லிட்டருக்குப் போகும்போது எண் 3.785412தான், அதில் மாற்றமில்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். பெட்ரோல் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.095 சதவீதம் விரியும். 30 டிகிரியில் அளந்த 10,000 லிட்டர், 15 டிகிரிக்கு வந்தால் ஏறத்தாழ 9,860. அலகு மாற்றத்தில் ஆறு தசமம் பார்த்துவிட்டு இதை மறந்தால் என்ன பயன்?

எடையும் கொள்ளளவும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1983 ஜூலை 23, ஏர் கனடா 143. அந்த போயிங் 767 கிலோகிராமில் எரிபொருள் கணக்கு வைக்கும் புது விமானம். தேவை 22,300 கிலோ. தொட்டியில் அளவுக்கோல் விட்டுப் பார்த்ததில் 7,682 லிட்டர். லிட்டருக்கு 0.803 கிலோ என்று பெருக்கியிருந்தால் 6,169 கிலோ. பெருக்கியதோ 1.77ஆல், அது லிட்டருக்கு *பவுண்டு*. 13,597 வந்தது, அதைக் கிலோ என்று எடுத்தார்கள். மீதிக்கு 20,088 லிட்டர் ஊற்ற வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர்தான் ஊற்றப்பட்டது. நடுவானில் இரண்டு என்ஜினும் நின்று, மனிடோபாவில் கிம்லியின் பழைய விமானப்படை ஓடுபாதையில் சறுக்கி இறங்கியது.

1.77 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். விரிதாள் நண்பரே, மாற்று எண் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் "மி.லி. / அவுன்ஸ்", "கிலோ / லிட்டர்" என்று அலகுக்கென்றே ஒரு நெடுவரிசை போடுங்கள்.

---

மீட்டர்மணி

எரிபொருள் என்றதும் மைலேஜ். ஒரு கேலனுக்கு இத்தனை மைல் என்பதை 100 கி.மீ.க்கு இத்தனை லிட்டர் ஆக்க, 235.215ஐ அந்த எண்ணால் *வகுக்க* வேண்டும். பிரிட்டிஷ் கேலனுக்கு 282.481. இது பெருக்கல் மாற்றம் இல்லை என்பதால் சராசரி எடுக்கும்போது தடுக்கும். ஒரே தூரம் ஓடும் இரண்டு வண்டி, ஒன்று 20, ஒன்று 40. சராசரி 30 என்று எடுத்து மாற்றினால் 7.84 லிட்டர். தனித்தனியே மாற்றிச் சராசரி எடுத்தால் 11.76உம் 5.88உம் சேர்ந்து 8.82. இரண்டாவதுதான் உண்மையில் எரிந்த பெட்ரோல். முதலில் மாற்று, அப்புறம் சராசரி.

---

ஆய்வகத்தான்

மருந்து பற்றி யாராவது கேட்பதற்கு முன்: குழந்தைகளுக்குக் கொடுக்கும் திரவ மருந்தை ஸ்பூனிலிருந்து மி.லி.க்கு இந்தத் தாளை வைத்து மாற்றிக் கொடுக்க வேண்டாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகமே 2015இல் மி.லி. மட்டும்தான் எழுத வேண்டும் என்று பரிந்துரைத்தது. டீஸ்பூனுக்கும் டேபிள்ஸ்பூனுக்கும் சுருக்கெழுத்தில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம், அளவில் மூன்று மடங்கு. சாப்பிடும் கரண்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. மருந்தோடு வரும் மி.லி. குறித்த ஊசிக்குழல் அல்லது குவளைதான். சந்தேகம் என்றால் மருந்தாளுநரிடம் கேளுங்கள்.

---

விரிதாள்

எல்லோருக்கும் நன்றி. ஒரே மூல எண், அலகுக்குத் தனி நெடுவரிசை, எடைக்கும் கொள்ளளவுக்கும் தனித் தாள், மூலம் அமெரிக்காவா பிரிட்டனா என்று தேர்ந்தெடுக்காமல் விடை காட்டாத மாதிரி ஒரு பூட்டு. சோதனைக்குப் போட்டவை:

55 கேலன் → 208.198 லிட்டர்
750 மி.லி. → 25.361 அவுன்ஸ்
30 கன அடி → 849.505 லிட்டர்
3 அவுன்ஸ் / கேலன் → 23.4375 மி.லி. / லிட்டர்
28 மைல் / கேலன் → 8.4005 லிட்டர் / 100 கி.மீ.
நிமிடத்துக்கு 25 கேலன் → மணிக்கு 1.577 கன மீட்டர்
100 லிட்டர் → கேலன் → லிட்டர், திரும்ப 100.000

சரியா?

---

குழாய்வழி

ஆறாவது தவிர எல்லாம் சரி. 1.577 வினாடிக்கு *லிட்டர்*. மணிக்கு கன மீட்டர் என்றால் 25 × 0.2271 = 5.678. அந்தக் கட்டத்தில் 0.06309 உட்கார்ந்திருக்கும், 3.6ஆல் பெருக்கினால் 0.2271 ஆகிவிடும். போய் வந்து சரிபார்க்கும் சோதனை இதைப் பிடிக்காது. ஒரே தப்பான எண்ணால் பெருக்கி அதே எண்ணால் வகுத்தாலும் 100 திரும்ப 100தான் வரும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் வெளியிலிருந்து தெரிந்த விடை ஒன்றை வைத்து ஒப்பிடுங்கள்; பம்ப்பு வரிக்கு, மணிக்கு 1 கன மீட்டர் = நிமிடத்துக்கு 4.403 கேலன்.